முன்னால் போகிறவருக்கே எல்லாக் காற்றும்! - அண்ணா சைக்கிள் போட்டிக்குத் தயாரா?

செப்டம்பர் பிறந்ததும் எங்கள் டெஸ்க்குக்கு மாவட்டம் மாவட்டமாக ஒரே மாதிரி செய்திக்குறிப்புகள் வந்து விழும். 'பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை முன்னிட்டுப் பள்ளி மாணவ, மாணவியருக்கான மிதிவண்டிப் போட்டி.' கலெக்டர் பெயர் மாறும், போட்டி தொடங்கும் இடம் மாறும். மற்றதெல்லாம் வரிக்கு வரி அதேதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா மாவட்டங்களிலும் நடத்தும் போட்டி இது.

மூன்று வயதுப் பிரிவுகள். 13 வயதுக்கு உட்பட்டோரில் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10. அடுத்து 15, 17 வயதுக்கு உட்பட்ட பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண் பிள்ளைகளுக்கு 15. முதல் மூன்று இடங்களுக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய் என்றும், நான்கு முதல் பத்தாவது இடம்வரை ஆளுக்கு 250 ரூபாய் என்றும் பரிசு அறிவிக்கிறார்கள்.

அந்தக் குறிப்பில் எனக்குப் பிடித்த வரி வேறு. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும்; கியர் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

இந்த ஒரு விதியின் அருமை புரிய வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை ஈ.சி.ஆர் பக்கம் போய்ப் பாருங்கள். உடலோடு ஒட்டிய பளபள ஜெர்சியில் கூட்டம் கூட்டமாகப் பறப்பார்கள். பலர் ஓட்டுவது கார்பன் ஃபிரேம் சைக்கிள். விலை லட்சத்தில் பேசும். எடை ஏழெட்டு கிலோதான். சர்வதேசப் போட்டிகளில் 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் இருக்கக் கூடாது என்று தடையே போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தங்கள் ஆசைக்கு, தங்கள் காசில் ஓட்டுகிறார்கள்; அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், அந்த சைக்கிளும் கேரியர் வைத்த சைக்கிளும் ஒரே கோட்டில் நின்றால் விசில் ஊதும் முன்பே போட்டி முடிந்துவிடும். அண்ணா போட்டியில் மளிகைக்கடைக்குப் போய்வரும் சைக்கிளும் பள்ளிக்கூடம் போய்வரும் சைக்கிளும்தான் ஓடுகின்றன. காசு ஜெயிக்க முடியாத சைக்கிள் ரேஸ் என்பது உலகத்தில் அபூர்வம்.

சரி, கியர் இல்லாத சைக்கிளில் 20 கிலோமீட்டர் என்றால் என்ன? ஒரு சின்னக் கணக்கு. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 சுற்று. அப்படியே 40 நிமிடம் மிதித்தால் 20 கிலோமீட்டர். மொத்தம் 4,000 சுற்று! கியர் சைக்கிள்காரர் மேடு வந்தால் கியரைக் குறைத்துக்கொள்வார். இங்கே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அதே 44, அதே 18. அதனால் சீட்டிலிருந்து எழுந்து நின்று அழுத்தி மிதிக்கிற பிள்ளையைவிட, உட்கார்ந்தபடியே கால்களைச் சளைக்காமல் சுற்றுகிற பிள்ளை நெடுந்தூரம் தாங்கும். நின்று மிதிப்பது பாலம் ஏறவும், கடைசி நூறு இருநூறு மீட்டருக்கும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் காற்று. மெதுவாகப் போகும்போது காற்று நம்மைக் கண்டுகொள்வதில்லை. வேகம் கூடக்கூட அதன் சுயரூபம் தெரியும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி தேவை. சாதாரண கைப்பிடி சைக்கிளில் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவதால், நம் உடம்பே ஒரு பாய்மரம்.

தப்பிக்க ஒரே வழி, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் போவது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துவிடுவதால், ஒட்டிப் பின்தொடர்பவருக்குப் பாதிச் சிரமம் குறைந்ததுபோல இருக்கும். நல்ல வேகத்தில் இந்த மிச்சம் 30 சதவிகிதம்வரைகூட இருக்கும். பெரிய பெரிய சர்வதேசப் பந்தயங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தேனீக்கூட்டம்போல ஒன்றாகவே போவதன் ரகசியம் இதுதான். ஆனால், எங்கள் ஊர்ப் பக்கம் இதை யாரும் சொல்லித்தருவது கிடையாது. விசில் ஊதியதும் முதல் ஆளாகப் பாய்ந்துபோகும் பிள்ளைக்கு ஊரே கைத்தட்டும். மூன்றாவது கிலோமீட்டரில் அதே பிள்ளை வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் நானும் ஓட்டியிருக்கிறேன். அத்தை மகனின் சைக்கிள், பைபாஸ் ரோடு. பாதித் தூரத்தில் எனக்கு முன்னால் வேறு பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னாலேயே போனபோது ஏனோ மிதிப்பது லேசாக இருந்தது. ரெண்டு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தவள், திரும்பாமலே கத்தினாள். "நான் மட்டும்தான் இழுக்கணுமா? நீயும் முன்னாடி வா!" நான் முன்னால் போனேன். காற்று முகத்தில் வந்து அறைந்தது. அதன் பிறகு ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிப் போய், எங்களுக்கு முன்னால் போன நாலு பேரைப் பிடித்துவிட்டோம். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசி வளைவில் அவள் என்னை விட்டுவிட்டுப் பறந்தாள். அவள் மூன்றாவது, நான் ஐந்தாவது. கோபம் வரவில்லை. எதிரியின் முதுகுதான் நமக்கு நிழல் என்கிற விசித்திரம் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது?

செப்டம்பரில் தென்மேற்குக் காற்று இன்னும் முழுசாக ஓய்ந்திருக்காது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசிக்காரர்களுக்கும், முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இதைச் சொல்லவே வேண்டாம். போய்த் திரும்பும் பாதையாக இருந்தால், போகும்போது கிழக்குப் பார்த்துச் சுகமாக ஓட்டிவிட்டு, திரும்பும்போது மேற்குக் காற்றில் மாட்டிக்கொள்வார்கள். இந்த மாதிரி ஊர்களில் முதல் பாதியில் சக்தியைச் சேமிப்பவருக்குத்தான் மதிப்பு. முந்தின நாளே அப்பாவோ அண்ணனோ டூ வீலரில் கூட்டிப்போய்ப் பாதையைக் காட்டிவிடுங்கள். பள்ளம் எங்கே, வேகத்தடை எங்கே, மணல் எங்கே சேர்ந்திருக்கிறது என்று தெரிந்திருப்பது பாதி பலம்.

கூட்டமாகப் போவதில் ஆபத்தும் இருக்கிறது. நம் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும்போது அவர் லேசாக ஒடித்தால் போதும். சக்கரங்கள் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். அதனால் நேர் பின்னால் இருங்கள், பக்கவாட்டில் செருகாதீர்கள். திடீர் பிரேக்கும் கூடாது. துப்பட்டாவோ தொளதொள பேன்ட்டோ வேண்டவே வேண்டாம். செயினில் சிக்கினால் அவ்வளவுதான். விபத்து நேர்ந்தால் பங்கேற்பவர்களே பொறுப்பு என்று செய்திக்குறிப்பில் எழுதியே இருக்கும். ஹெல்மெட் வாங்கித் தரப் பெற்றோருக்கு அந்த வரி ஒன்றே போதும்.

இனி சைக்கிள் கடை. நான்கைந்து நாள் முன்பே போய்விடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் போனால் கடைக்காரர் அண்ணனுக்கு முன்னால் பத்து சைக்கிள் தலைகீழாக நிற்கும். வீலில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கோட்டமான சக்கரம் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே வந்தால், 4,000 சுற்றிலும் நாம் பிரேக்கோடு சண்டை போடுகிறோம் என்று அர்த்தம். செயின் தொங்கினால் இழுத்துவைக்கச் சொல்லுங்கள். இந்தப் போட்டிகளில் பிள்ளைகள் அழுதுகொண்டு ஓரமாக நிற்பதற்கு முக்கியக் காரணம் கால் வலியில்லை, கழன்ற செயின். போட்டியன்று காலையில் டயரில் காற்று கல்லுமாதிரி இருக்க வேண்டும். கடகடவென்று ஆடும் ஸ்டாண்டைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கூடையைக் கழற்றிவிடலாம்.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. சீட்டை உயர்த்துவது. 'கால் எட்டணும்' என்று நம் வீடுகளில் சீட்டைத் தரையோடு தரையாக இறக்கிவைத்திருப்போம். முழங்கால் நெஞ்சில் இடிக்கும் நிலையில் யாராலும் வேகமாகச் சுற்ற முடியாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும் உயரம்தான் சரி. நிறுத்தும்போது ஒரு காலின் முன்பாதம் தரையைத் தொட்டால் போதும். குரங்கு பெடல் அடித்துப் பழகிய தலைமுறை இருக்கும் ஊர் இது. இந்த உயரமெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம்: அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் ஓட்டலாமா? தாராளமாக! அதுவும் இந்தியத் தயாரிப்பு, கியர் இல்லாத, சாதாரண கைப்பிடி சைக்கிள்தான். 2001-02ல் பட்டியலின, பழங்குடியினப் பிளஸ் ஒன் மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06ல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லா பிளஸ் ஒன் மாணவ, மாணவியருக்கும் விரிந்தது. 17 வயதுக்கு உட்பட்ட பிரிவில் அந்த சைக்கிள் முன்னால் வந்து நிற்கும்போது ஒரு தனி சந்தோஷம்.

எனக்கிருக்கும் ஆதங்கம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. 17 வயதோடு இந்தப் போட்டி முடிந்துவிடுகிறது. அண்ணா பிறந்தநாளையொட்டி நடக்கும் ஓட்டப்போட்டியில் 25 வயதைத் தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டு, சைக்கிளில் இல்லை. அதற்கு மேலே மாநில, தேசிய ரோடு ரேஸ்கள் இருக்கின்றன. அங்கே ரேஸ் சைக்கிள் வேண்டும். சாதாரண சைக்கிளில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பெண்ணிடம் இருப்பது 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ரேஸ் சைக்கிளின் நல்ல சக்கரம்கூட வராது. அதனால், கதவைத் திறந்துவிட்ட அதே நியாயமான விதியே 17 வயதில் சுவராகிவிடுகிறது. விதியை மாற்றச் சொல்லவில்லை; தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நாலைந்து ரேஸ் சைக்கிள்களை வாங்கிவைத்து, ஜெயித்த பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு இரவல் கொடுத்தால் என்ன? நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல. அடுத்த வருடம் அடுத்த பிள்ளைக்கு.

கலந்துகொள்ள நினைக்கிறவர்கள் உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேதியையும் பாதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்றிதழ், வயதுச் சான்று இரண்டையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். காலையில் ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். கழற்றின கூடையைப் பத்திரமாக வையுங்கள். திங்கட்கிழமை ஸ்கூல் பை வைக்க அது வேண்டும்.