கடலோரத்து அறையும் கேட்கப்படாத கேள்வியும்

ஆவணி மாதத்தில் திருமணம் முடித்த இளந்தம்பதியர் இருவர் அண்மையில் எனது வீட்டுக்கு வந்திருந்தனர். மணமகள் எனது நீண்டகால நண்பரின் மகள். மணமகன் மாத்தளையைச் சேர்ந்தவர். மலைகளுக்கிடையே வளர்ந்த அவருக்குக் கடற்கரையில் சில நாட்கள் தங்க வேண்டும் என்பது சிறுவயது முதலான ஆசை. பாசிக்குடாவில் ஓர் அறையைத் தெரிவு செய்திருப்பதாகக் கூறிக் கைத்தொலைபேசியில் அதன் படத்தைக் காட்டினார். கதவைத் திறந்தால் கால் மணலிற் படும், அப்படியோர் அறை.

தெரிவு தவறானதென்று கூற முடியாது. நமது நாட்டில் கடலோர விடுதியைத் தேடுவோர் முதலிற் பார்க்க வேண்டியது விலையையுமல்ல, படத்தையுமல்ல, மாதத்தை. சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையிலான காலத்தில் ஹிக்கடுவை, உனவட்டுனை போன்ற தென்மேற்குக் கரைகளிற் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிடும். தை மாதத்தில் திருமணம் செய்துவிட்டு நிலாவெளிக்குச் சென்று, மழையைப் பார்த்தபடி அறைக்குள் முடங்கித் திரும்பியவர்களை நான் அறிவேன்.

நீந்தத் தெரியாதவருக்குப் பாசிக்குடாவைப் போன்ற இடம் அரிது. முருகைக்கற்பாறைகள் அரணாக நிற்பதால் அலையின் வேகம் தணிந்துவிடும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவு நீர்தான். அறுகம்பையோ அலைச்சறுக்கு வீரர்களின் கடல். ஆகவே பருவம், கடல் இரண்டையும் மாப்பிள்ளை சரியாகவே கணித்திருந்தார்.

அவர் கணிக்கத் தவறியது ஒன்றை மட்டுமே. அவர் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையுடன் முற்றத்துக்குச் சென்றதும் மெல்லிய குரலிற் சொன்னாள்:

"மாமா, அலைச் சத்தம் கேட்டா எனக்கு நித்திரை வராது."

அவள் பிறந்து வளர்ந்தது கல்லடியில். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி அவளுக்கு எட்டு வயது. அந்தக் காலைப்பொழுதில் அவளது அம்மம்மாவைக் கடல் கொண்டுபோயிற்று. இது மாப்பிள்ளைக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனால் தெரிந்த ஒரு செய்தியையும், தான் தெரிவு செய்த ஓர் அறையையும் அவர் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. அவளுடைய மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். அவளும், அவரது ஆசையைக் கெடுக்கக் கூடாதென்று பேசாதிருந்தாள். அன்பினாலேயே இருவரும் ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொண்டனர்.

ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. கிழக்குக் கரையிற் பிறந்த எத்தனையோ பேருக்குக் கடல் இன்னமும் வெறும் காட்சிப்பொருளல்ல. விளம்பரங்கள் இதை அறியா. அவற்றுக்கு, கடலுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்வான அறை, விலையும் அவ்வாறே. நாமும் அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு, வீதிக்கு இப்பாலுள்ள அறையை ஏழைக்குரிய அறையென்று எண்ணிவிடுகிறோம்.

எனது அபிப்பிராயம் வேறு. இருவர் சேர்ந்து செல்லும் முதற் பயணத்தில், இருவரிலே அதிகம் அஞ்சுபவரின் நித்திரையே அறையைத் தீர்மானிக்க வேண்டும். கடலை விரும்புபவர் பத்து நிமிடம் நடந்து சென்று நாள் முழுவதும் அதில் திளைக்கலாம். அஞ்சுபவரோ நள்ளிரவில் எழுந்து எங்கு செல்வார்?

அன்று மாலையே மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். முகம் வாடிற்று, ஆனால் கோபிக்கவில்லை. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று அவளைக் கேட்டார். "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள். அந்த அறையை விட்டுவிட்டு, கல்குடாப் பக்கமாகக் கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு குடும்பத்தினர் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதியை இருவருமாகத் தேடிப் பிடித்தனர். முற்றத்தில் மாமரம் நிற்கும். அலைச் சத்தம் எட்டாது.

மூன்று நாட்களும் அவர் கடலிற் குளித்தார். அவள் மூன்றாம் நாள் மாலை, தானாகவே நடந்து வந்து, கணுக்கால் நனையும் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பினாளாம். அதற்கு மேல் வரும்படி அவர் அழைக்கவில்லை.

விடுதி தேடும் இளந்தம்பதியருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாதத்தைப் பாருங்கள், கடலின் இயல்பை விசாரியுங்கள், பணத்தைக் கணக்கிடுங்கள். முற்பணம் செலுத்துவதற்கு முன்னர், "அங்கே உனக்கு நித்திரை வருமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.