லட்சம் பெறுமா ஐந்து ரூபாய்?

வைஷ்ணோதேவியின் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் அல்லது பத்து ரூபாய் நாணயம் கைவசம் இருந்தால், அதற்குப் பல லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று கைப்பேசி வழியே சில ஆண்டுகளாக உலவிவரும் சேதியை நம்பி, பூஜை அறை உண்டியலைக் கவிழ்த்துப் பார்த்த குடும்பங்கள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. அந்த நாணயமோ 2012ஆம் ஆண்டில் அத்திருக்கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டுச் சாதாரணப் புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டது. நாணய வியாபாரிகளிடம் சொற்ப விலைக்கு இன்றும் கிடைப்பது. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்து ரூபாய் நாணயம் லட்சம் பெறும் என்று நம்புகிற அதே ஊரில்தான், பத்து ரூபாய் நாணயத்தைப் பத்து ரூபாய்க்கே வாங்க மறுக்கிற கடைக்காரரையும் பேருந்து நடத்துநரையும் காண்கிறோம். பதினான்கு வடிவங்களில் வெளிவந்த பத்து ரூபாய் நாணயங்கள் யாவும் செல்லத்தக்கவையே என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் அளித்த பின்னும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. அதீத ஆசை, அநாவசிய பயம் இவ்விரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்: தம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்தைப் பற்றிய நம்பத்தகுந்த விவரம் ஜனங்களுக்கு எட்டுவதில்லை.

ஒரு நாணயம் பழையது என்பதாலேயே அபூர்வமானதாகிவிடாது. எத்தனை அடித்தார்கள், அவற்றில் எத்தனை தேயாமல் மிஞ்சின, மிஞ்சியவற்றை எத்தனை பேர் விரும்பித் தேடுகிறார்கள் என்ற மூன்றும் கூடித்தான் அதன் விலையை நிர்ணயிக்கின்றன. இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டத்தின் 250ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2009இல் வெளியான ஐம்பது பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டது என்ற கணக்கை அந்நாட்டு அரச நாணயச் சாலையே பிரசுரித்தது. அதன் பிறகு, கடையில் மீதிச் சில்லறையாக வந்த அந்த நாணயத்தை முகமதிப்பைவிடப் பன்மடங்கு விலைக்குச் சேகரிப்போர் வாங்கலானார்கள். விலை அதிகம்தான்; ஆனால் அந்த விலைக்கு ஆதாரமாக ஓர் எண் இருக்கிறது, வேண்டுவோர் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு நாணயங்களிலும் ஆராய்ச்சிக்கு விஷயம் ஏராளம். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்கு அடியில் உற்றுப் பாருங்கள்: சிறு புள்ளி இருந்தால் நொய்டாவிலும், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்திலும், சாய்சதுரம் இருந்தால் மும்பையிலும் அடித்தது, ஒரு குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. உள்நாட்டு உற்பத்தி போதாமல் வெளிநாட்டில் அடித்து வரவழைத்த காலமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற எழுத்து காணப்பட்டால் அது பர்மிங்காமிலிருந்து கப்பலேறி வந்தது. ஒரே ஆண்டு, ஒரே உருவம், ஒரே எடை, ஆனால் கடுகளவு குறி ஒன்றால் வேறுபடும் இந்த நாணயங்களை வரிசைப்படுத்தி அடுக்குவதில் இருக்கிற ஆனந்தம், லட்சம் கிடைக்கும் என்று காத்திருப்பவனுக்கு ஒருநாளும் வாய்க்காது.

நினைவு நாணயங்களின் கதை வேறு. தஞ்சையில் 1995இல் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்துடன் வந்த நாணயத்தையும், அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்காக வந்த ஐந்து ரூபாயையும் செலவழிக்க மனமின்றி எடுத்துவைத்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். எல்லாரும் பத்திரப்படுத்துகிற பொருள் எப்படி அபூர்வமாகும்? தாமரை பொறித்த அந்த மஞ்சள் நிற இருபது பைசாவை 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைக்கும் வழக்கத்தாலேயே அது இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. மாறாக, யாரும் பொருட்படுத்தாமல் கை மாறிக் கை மாறித் தேய்ந்துபோன சாமானிய நாணயத்தில்தான், அச்சு வார்ப்பு மாறாத புதுப் பிரதி கிடைப்பது சிரமம். அப்படிக் கிடைத்ததையும் பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள்! தேய்த்த நாணயத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

இந்த அறியாமையை மூலதனமாக்கிக் கொண்டவர்களின் முறை எளியது. உங்கள் நாணயத்துக்கு இத்தனை லட்சம் என்று முதலில் ஆசை காட்டுவார்கள். பிறகு பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று ஒவ்வொன்றாகப் பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடத் துணிந்து பயன்படுத்தியபடியால், பழைய நோட்டு நாணய வியாபாரத்தில் தனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை, எந்தக் கட்டணமும் தான் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட நேர்ந்தது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் முன்பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே பலரது பணம் தப்பியிருக்கும்.

எச்சரிக்கை அறிக்கை அவசியம்தான். ஆனால் அது போதாது. எந்த ஆண்டில், எந்த நாணயச் சாலையில், எந்த வடிவ நாணயம் எத்தனை அடிக்கப்பட்டது என்ற கணக்கு சாமானிய வாசகன் கைக்கு எட்டும்படி முறையாக வெளிவராத வரையில், வதந்திக்கு எதிராக வைக்க நம்மிடம் ஓர் எண்கூட இல்லை. அடிக்கிறவர்களிடம் அந்தக் கணக்கு இல்லாமலிராது. மத்திய நிதி அமைச்சகம் அதை ஆண்டுதோறும் மாநில மொழிகளிலும் அச்சிட்டு, வங்கிக் கிளைகளில் பார்வைக்கு வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, உங்கள் நாணயத்துக்கு லட்சம் தருவதாகச் சொல்லி யாரேனும் முன்பணம் கேட்டால், ஒரு காசும் அனுப்பாமல் இணையவழிக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள்.