ஆளைப் பார்த்து வியாபாரம்

தை, மாசி மாதங்களில் திருச்சி பெரிய கடைவீதிக்கு வந்து நகையும் ஜவுளியும் வாங்குகிறவர்கள் யார்? லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறிப் பக்கங்களில் நெல் அறுத்தும் வாழை வெட்டியும் நாலு காசு கண்ட குடியானவர்கள் அவர்களில் அநேகர். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்து பெருமாளைச் சேவித்துவிட்டு, காவேரிப் பாலத்தைக் கடந்து கடைக்கு வருகிறவர்களிலும் கிராமவாசிகளே மிகுதி. காலில் புழுதி, கையில் மஞ்சள் பை. இவர்களை ஏற இறங்கப் பார்த்து, மலிவுச் சரக்கு இருக்கும் மூலையைக் காட்டும் விற்பனையாளர்கள் நமது ஊரிலும் இருக்கிறார்கள். எந்தக் கடையையும் நாம் குறிப்பிடவில்லை. அவரவர் மனச்சாட்சி அறியும்.

1922 அல்ல, 2022 ஜனவரியில் கர்நாடகத்துத் தும்கூரில் சரக்கு வண்டி விலை கேட்க வந்த விவசாயியை, "பையில் பத்து ரூபாய்கூட இராது" என்று ஒரு விற்பனையாளர் எள்ளினார். விவசாயி ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்துடன் திரும்பினார். அன்றே கொடுக்க வண்டி இல்லாமற் போனது கடைதான்! தேசமெங்கும் இதைப் படித்து மகிழ்ந்தார்கள். நமக்கு அதில் பூரண மகிழ்ச்சியில்லை. பத்து லட்சம் புரட்ட முடியாத குடியானவனை எள்ளலாமென்று ஆகிவிடுமா?

தமிழ்நாட்டின் கதையும் பெருமைப்படத்தக்கதன்று. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப், வேஷ்டி கட்டி வந்த ஹைக்கோர்ட் நீதிபதியை வாசலில் நிறுத்தியது. அடுத்த மாதமே சட்டசபையில் மசோதா நிறைவேறிற்று. 2023 மார்ச்சில் சென்னை ரோகிணி தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர்களே நிறுத்தப்பட்டார்கள். குழந்தைகளின் வயதைக் காரணமாகக் கூறியது நிர்வாகம். பொதுஜனக் கண்டனம் எழுந்தது. வழக்கும் பதிவாயிற்று, ஊழியர் மீது. வேஷ்டிக்குக் காவலாக வந்த சட்டம் பாசிமணிக்குக் காவலாகவில்லை. கோயில் வாசல்களில் அந்தப் பாசிமணியை விரித்து விற்கும் நரிக்குறவரோ, வாங்க வருகிறவரின் உடையைப் பார்த்துத் துணியைச் சுருட்டுவதில்லை.

பார்க்க வருகிறவரெல்லாம் வாங்குவதில்லை, நேரம் வீணாகிறது என்பார்கள் வியாபாரிகள். மெய்தான். பட்டுச் சட்டைக்காரரும் இருபது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு வெறுங்கையுடன் போகிறார். அந்த நேரத்தை யார் கணக்கிட்டார்கள்?

குற்றம் விற்பனைச் சிப்பந்தியுடையது மட்டுமன்று. விற்ற தொகைக்குக் கமிஷன் என்று முதலாளி ஏற்பாடு செய்தால், அந்தப் பையன் ஆளை எடை போடத்தான் செய்வான். அவனே அக்கடையில் ஒரு பொருள் வாங்கச் சக்தியற்றவன். வேலை நேரத்தில் அவன் உட்கார ஆசனம் தரவேண்டுமென்று 2021ல் சட்டமே செய்யவேண்டியிருந்தது. தனக்கு ஆசனம் மறுத்த இடத்தில் பிறருக்கு உபசாரம் செய்ய அவன் எங்கே கற்பான்?

ஆகவே நாம் கேட்பது முதலாளிகளை. விற்ற தொகையோடு, வந்தவர்களைக் கவனித்த விதத்தையும் சம்பளக் கணக்கில் சேருங்கள். வருகிற ஏகாதசிக் கூட்டத்தின்போது கல்லாவை விட்டு இறங்கி, மஞ்சள் பையுடன் வருகிறவருக்கு நீங்களே நாற்காலி எடுத்துப் போடுங்கள். சிப்பந்திகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.