சுற்றுவட்டமும் கைகட்டிய சபையும்

“பாதசாரியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்” என்பது அதிகாரிகள் பாடும் பழைய பல்லவி. இதனை நாம் ஏற்கோம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, கிளியர்வாட்டர் என்னும் கடற்கரைப் பட்டினத்தில், 1999 டிசம்பரில் மாநகர நிருவாகம் பெரியதொரு சுற்றுவட்டத்தைத் திறந்தது. நடுவே அலங்கார நீரூற்று, ஆரவாரத்துக்கும் குறைவில்லை! வாகன மோதல்கள் மலிந்தன. சாரதிகளைக் குறைகூறிவிட்டு அந்நகரம் வாளாவிருக்கவில்லை. வட்டத்தைத் திருத்தியது, ஆசையோடு அமைத்த நீரூற்றையும் அகற்றியது. தவறிழைத்த கையிலேயே திருத்தும் அதிகாரமும் இருந்தது.

இங்கோ நிலைமை வேறு. கல்லடியில் வாவிப் பக்கத்தில் வாழ்வோர் கடற்கரைக்குச் செல்ல ஏ4 நெடுஞ்சாலையைக் குறுக்கறுத்தே ஆகவேண்டும். அச்சாலையோ 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. சந்தியொன்றில் சுற்றுவட்டம் வேண்டுமென்றாலும், வாகனம் வேகந்தணியும் இடத்துக்கு மஞ்சட் கடவையை நகர்த்த வேண்டுமென்றாலும், மட்டக்களப்பு மக்கள் வாக்களித்துத் தெரிந்த மாநகர சபை மத்திய அரசின் நிறுவனத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். குப்பை அள்ளுவதற்கு மட்டுந்தானா சபை?

கடவை எங்கே, வீதி நடுவே ஒதுங்குமேடை எங்கே, வேக எல்லை எவ்வளவு என்பவற்றைத் தன் எல்லைக்குள் தீர்மானிக்கும் உரிமையைச் சபைக்குச் சட்டத்தாலேயே வழங்குமாறு கோருகிறோம். சுற்றுநிருபத்தால் தருவதை மற்றொரு சுற்றுநிருபத்தால் பறித்துக்கொள்வார்கள்.