பத்தாயத்தை என்ன செய்வது?

மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட அண்ணன் முடிவு செய்தார். சென்ற குளிர்கால விடுமுறையில் நாக்பூரிலிருந்து நான் ஊருக்குச் சென்றபோது, வீட்டுப் பொருள்கள் பெரும்பாலும் பங்கிடப்பட்டிருந்தன. எஞ்சியிருந்தது ஒன்றே: கூடத்தின் மூலையில் ஆளுயரத்திற்கும் மேலாக நின்ற பத்தாயம்.

உங்களுள் பலர் பத்தாயத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். நெல்லைச் சேமித்து வைக்கும் மரக்களஞ்சியம் அது. மண்ணால் செய்தால் குதிர். மரத்தால் செய்தால் பத்தாயம். ("எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழியைத் தேர்வில் எழுதும் நாம், குதிரைக் கண்டதில்லை!) எங்கள் வீட்டுப் பத்தாயம் ஐந்து அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்கும் அடிப்பலகை இல்லாத சதுரச் சட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மேலே மூடியிட்டுவிடுவார்கள். நெல்லை மேல்வாயில் கொட்டி, அடியிலுள்ள சிறு கதவைத் திறந்து எடுக்கவேண்டும். அதனால் முதலில் கொட்டிய நெல்லே முதலில் வெளியே வரும். பழையது அடியில் தங்கிக் கெடாது. இதனை வடிவமைத்த தச்சரின் அறிவை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்து கொட்டிய காலம் பாட்டியோடு முடிந்தது. 1972-ஆம் ஆண்டில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. அறுவடையான நெல் களத்திலிருந்தே மூட்டையாகச் சென்றது. அரிசி கடையிலிருந்து வந்தது. எங்கள் பத்தாயத்திற்குள் பழைய பாய்களும் கிழிந்த கொசுவலையும் குடியேறின.

பழம்பொருள் வணிகர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பலகைகளைப் பிரித்து, விடுதி ஒன்றுக்கு உணவு மேசைகள் செய்யப் போகிறாராம். அண்ணன் இசைந்தார். அவர்மீது குறை காண முடியாது. கூரை போடும் செலவை அவரன்றோ சுமக்கிறார்? அக்காவோ கண் கலங்கினார். "தாத்தா தொட்ட பொருளை விற்பதா?" என்றார். ஆனால் திருச்சியில் அவர் வாழும் அடுக்ககத்தில் ஓர் அடுக்கை வைக்கவும் இடமில்லை. என் அரசுக் குடியிருப்பின் வாயிலில் அது நுழையவே நுழையாது.

முன்னோர் விட்டுச்சென்ற அனைத்தையும் காக்கவேண்டும் என்று நான் கருதவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் பெறும் என் போன்றோருக்கு அது இயலாது. தாத்தாவின் சாய்வு நாற்காலி கால் ஒடிந்தபோது அதனை விறகுக்குக் கொடுத்தவள் நானே. அதற்காக வருந்தியதும் இல்லை. ஆனால் பத்தாயம் ஒடியவில்லை. அதன் வேலையை நாம்தான் நிறுத்தினோம். வேலை செய்யக்கூடிய ஒரு பொருளை மேசையாக்குவதும் தவறு. வெறும் நினைவுச் சின்னமாக மூலையில் நிறுத்தி வைப்பதும், என் கருத்தில், பாதித் தவறே.

எங்கள் நிலத்தைப் பயிரிடுபவரை நாங்கள் சித்தப்பா என்று அழைப்போம். உறவினர் அல்லர், ஆயினும் அந்த முறை மாறியதில்லை. அவர் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் விதைக்கிறார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெறும் உழவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அங்கு வாங்கிய விதையிலிருந்து பெருக்கியவைதாம் அவை. விதைநெல்லைச் சாக்கில் வைத்து எலிக்குப் பறிகொடுப்பதாக அவர் வருந்தியது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவருக்கே கொடுத்துவிடலாம் என்றேன். "நாற்பதாயிரத்தை யார் தருவார்?" என்றார் அண்ணன். என் பங்கிலிருந்து பாதியைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அம்மா அதுவரை பேசாதிருந்தார். "நெல்லுக்குச் செய்தது நெல்லோடு போகட்டும்" என்றார். அண்ணனுக்கு இன்னும் முழு மனநிறைவு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு விரைவு வண்டியில் உங்கள் வீடுகளுக்கும் ஏதேனும் வந்திருக்கும்: ஓர் ஐந்தறைப் பெட்டி, ஓர் அரிவாள்மணை, பாட்டியின் பித்தளைச் செம்பு. இடம் போதாதபோது அதனை என்ன செய்வது என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழும். அப்போது நீங்களும் அருகில் இருந்து, அது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். என்னிடம் இருப்பது பத்தாயத்தினுள் கிடந்த இரும்புப் படி மட்டுமே. அதில்தான் இங்கே அரிசி அளக்கிறேன்.

சென்ற வாரம் சித்தப்பா தொலைபேசியில் பேசினார். மாட்டுவண்டி கிடைக்காததால் இழுவை வண்டியில் ஏற்றிச் சென்றாராம். மேலடுக்கில் ஒரு பலகை வெடித்திருக்கிறது. வண்டு வராதிருக்க நொச்சி இலை போட்டு, மூன்று அடுக்குவரை நிரப்பியிருக்கிறார்.