பழைய மருந்துக்குப் புது வேலை

திண்டுக்கல் பூட்டை வேறு சாவியால் திறக்க முடியாது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். மருந்துகளின் கதை அப்படியல்ல. எய்ட்ஸ் நோய்க்கு வந்த முதல் மருந்தான ஏ.இஸட்.டி., 1964-இல் புற்றுநோய்க்கென்று தயாரிக்கப்பட்டுப் பயனில்லாமல் மூலையில் கிடந்தது. 1987-இல் எச்.ஐ.வி.க்காக அனுமதி பெற்றது.

அதே 1987-இல்தான் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கு வழிகாட்டியது, ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து 1973-இல் பிரித்தெடுத்த ஒரு பொருள். கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதை ஸ்டாட்டின் தடுக்கிறது. எச்.ஐ.வி. கிருமியின் மேலுறையிலும் கொலஸ்டிரால் நிறைய உண்டு. அப்படியானால் ஸ்டாட்டின் கொடுத்தால் கிருமி திணறுமல்லவா? நல்ல கேள்விதான். சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் 'ஆம்' என்று விடை வந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதோ, இரத்தத்தில் கிருமியின் அளவு நம்பும்படியாகக் குறையவில்லை.

அத்துடன் கடையைக் கட்டியிருந்தால் ஒன்றை இழந்திருப்போம். கூட்டு மருந்துகளால் கிருமி அடங்கியிருந்தாலும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதை ஸ்டாட்டின் தடுக்குமா என்றறிய 2015-இல் 'ரிப்ரீவ்' என்ற ஆய்வு தொடங்கிற்று. 12 நாடுகளில் 40 வயதைத் தொட்ட 7,769 பேர்; சென்னை, புனே மக்களும் இதில் உண்டு. (இந்தியாவில் இக்கிருமியை 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதலில் கண்டறிந்ததும் சென்னையில்தான்.) பாதிப்பேருக்குப் பிடாவாஸ்டாட்டின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2023-இல் முடிவு வெளிவந்தது: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவு!

சதவீதத்தைக் கண்டு மயங்காதீர்கள், கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 7.32 ஆக இருந்தது 4.81 ஆயிற்று. வித்தியாசம் இரண்டரை. சின்ன எண்தான். ஆனால் இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகம்.

'கொலஸ்டிரால் மாத்திரையே எச்.ஐ.வி.யைக் குணமாக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்துகளை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஸ்டாட்டின் அவற்றுக்குத் துணை மட்டுமே.

எனக்கு ஓர் ஆதங்கம். காப்புரிமைக் காலம் முடிந்து, விலை குறைந்துவிட்ட மருந்தைப் புது நோய்க்குச் சோதிக்க எந்தக் கம்பெனி கோடிகளைக் கொட்டும்? ரிப்ரீவ் ஆய்வுக்கே பெரும்பணம் அமெரிக்க அரசுடையது. உலகுக்கெல்லாம் மலிவு மாத்திரை செய்து அனுப்பும் நம் நாடு, இத்தகைய சோதனைகளுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தனியாகவே நிதி ஒதுக்கவேண்டும் என்பேன்.