மண்ணைத் துளைக்கும் அறிவும் மரக்காணத்து உப்பளமும்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்பே ஒரு பெருந்தொழில் நடந்தேறுகிறது. களிமண் பாத்திகளை மிதித்து மிதித்து இறுகச் செய்கின்றனர் தொழிலாளர்கள். மிதி போதாத பாத்தியில் நீர் கசியும். உப்பில் சேறு கலக்கும். மண் எங்கே இளகியுள்ளது, எங்கே இறுகியுள்ளது என்பதை அவர்தம் குதிகாலே உணர்ந்து சொல்லிவிடும். இவ்வறிவை நாம் அறிவியல் என்று அழைத்ததில்லை. அழைத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

வேகமாய்ப் பாயும் பொருள் மண்ணுள் எவ்வளவு ஆழம் புகும்? அமெரிக்க நாட்டின் சாண்டியா ஆய்வுக்கூடம் 1960களில் இதனைப் போர்க்கருவிகளின் பொருட்டு ஆராய்ந்தது. எடை, வேகம், முனையின் வடிவம் ஆகியவற்றோடு மண்ணின் தன்மையும் ஆழத்தை உறுதி செய்கிறது. ஈரக் களி எளிதில் வழிவிடும். உறைந்த நிலத்திலோ பனிக்கட்டி மண்துகள்களைக் கல்போல் பிணைத்து நிற்கும். அதே பொருள் சிறிது ஆழத்திலேயே நின்றுவிடும்.

அழிவுக்கெனப் பிறந்த இக்கலை பின்னர் அறிவுத் தேடலுக்கும் பயன்பட்டது. செவ்வாயின் தென்துருவப் பகுதி மண்ணில் பாய்ந்து ஆராயும்படி அனுப்பப்பட்ட இரு சிறு கருவிகள் 1999 டிசம்பரில் அங்குச் சென்றடைந்தன. அவற்றிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. 2018இல் செவ்வாயில் இறங்கிய 'இன்சைட்' கலத்தின் துளைகருவி 5 மீட்டர் ஆழம் செல்ல வேண்டியது. அவ்விடத்து மண் போதிய உராய்வைத் தராமையால், தன்னைத்தானே அடித்து இறக்கிக்கொள்ள முயன்றும் மேற்பரப்பின் அருகிலேயே நின்றது. 2021 சனவரியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. மண்ணை அறியாத வலிமை மண்ணிடம் தோற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டு வரலாறும் ஈண்டு எண்ணத்தக்கது. இராமேசுவரம் தந்த அறிஞர் அப்துல் கலாம் அவர்களின் யோசனையின்படி, மூவண்ணக் கொடி தீட்டிய மோதுகலம் ஒன்று சந்திரயான்-1இலிருந்து 14-11-2008 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் விழுந்து மோதியது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 மெல்லத் தரையிறங்கியது. அதன் வெப்பமானி ஊசி மோதவில்லை; அடிக்கவுமில்லை. பத்து உணரிகளைத் தாங்கி, நிலவு மண்ணுள் சிறிது சிறிதாக அழுத்தி இறக்கப்பட்டது. மேற்பரப்பில் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம், 8 செ.மீ. ஆழத்திலோ உறைநிலைக்கும் கீழான குளிர்! அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். மரக்காணமும் அம்மாவட்டத்து ஊரே.

இனி நம் கடமைக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர். நெய்தல் திணையையும் உமணர் வாழ்வையும் வகுப்பில் நாம் விரித்துரைக்கின்றோம். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் உப்பளத் தொழிலாளியின் மகன், தன் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசித் தலைகவிழ்கின்றான். இக்கூச்சத்திற்கு நாமும் பொறுப்பாளிகளே.

ஆதலின் ஒன்று சொல்வோம். மழைக்காலத்தில் உப்பளங்கள் ஓய்ந்திருக்கும்போது, தமிழ்த்துறை மாணவரும் இயற்பியல் துறை மாணவரும் ஒருங்கே மரக்காணம் செல்லட்டும். சேறு, களி, இறுக்கம், கசிவு பற்றி அம்மக்கள் வழங்கும் சொற்களை அவர்தம் வாய்வழியே கேட்டுத் தொகுக்கட்டும். இது தமிழ்த்துறையின் வேலையா எனச் சிலர் வினவலாம். கலைச்சொற்களை அகராதியில் தேடி அலையும் நாம், அவை உயிரோடு நடமாடும் வரப்புகளை மறந்தது முறையோ? இயந்திரங்கள் பெருகி, மிதிக்கும் கால்கள் குறையுமாயின் அச்சொற்களும் மறையும்.

வானையும் பூமியையும் சிந்திக்குமாறு இறைமறை நம்மைப் பணிக்கிறது. நிலவு மண்ணை ஆராய்ந்தோரைப் போற்றும் நாம், நம் காலடி மண்ணை அறிந்தோரையும் ஆசான்களாக ஏற்போமாக. அன்று அம்மாணவன் தலைநிமிர்ந்து தன் தந்தையைப் பற்றிப் பேசுவான்.